ஐந்து டிகிரி

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
10.3.2005

அன்புள்ள மேரி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வேலை அதிகம், அதனால் பதில் போடவில்லை என்று புளுகலாம். ஆனால் ஒரே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்து தேய்ந்தவர்கள் நாம். உன்னிடம் எனக்கென்ன மறைப்பு? வேலை இல்லை என்பதுதான் நிஜம். கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் ஆஸ்பத்திரிக்கு ஏதோ புது ஊசி வந்திருக்கிறது, தோல் டாக்டர் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். பதினாலு வருஷத்தில் இது எத்தனையாவது வைத்தியம் என்று எண்ணிப் பார்த்தேன். தார் களிம்பு, வெள்ளைக் களிம்பு, மாத்திரை, காளாஞ்சகப் படை என்று பெயர் சொல்லிச் சித்த வைத்தியர் கொடுத்த எண்ணெய். நான் தின்ற வேப்பிலைக்கு இந்நேரம் ஓர் ஆட்டு மந்தையே வளர்ந்திருக்கும். அரிப்பு எடுக்கும் என்று யாரோ சொன்னதற்காகக் கத்திரிக்காயைத் தொட்டே பதினாலு வருஷம் ஆகிறது. எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

முழங்கையிலும் தலையிலும் இருப்பதை முந்தானையில் மூடிவிடலாம். உள்ளங்கையை எங்கே மூடுவது? செதில் செதிலாக உரிந்து வெடித்துக் கிடக்கிறது. பட்டு இழையைத் தொட்டால் முள்வேலியில் மாட்டிய புடவை மாதிரி இழுத்துக்கொள்கிறது. கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் நெய்ய முடியும். கல்யாணமான நாளிலிருந்து கரைப் பக்கம் நான்தான் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கை வெடித்து ஒரு சொட்டு ரத்தம் சந்தன நிறப் பட்டில் விழுந்தது. அன்றைக்கு எழுந்தவள்தான். இப்போது என் இடத்தில் கூலிக்கு வரும் பழனி உட்கார்ந்து நெய்கிறார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் மேரி. தெரு நீளத்துக்கு நெடுக்கு இழைகளை நீட்டி யார் வீட்டுப் பாவு விரித்தாலும் முதல் நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவார்கள், விடிகாலையில் எல்லோரும் போய்ப் பிடிப்போம், அறுந்த இழையை முடிவோம். இந்த ஆறு வருஷமாக என்னை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் வீட்டுப் பாவுக்கே நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அது பொறுக்கவில்லை.

சரி, வருகிறேன். ஒன்று மட்டும். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் அக்காவின் போனுக்குக் கூப்பிடாதே. அங்கே பேசினால், நான் வீடு திரும்புவதற்குள் பேச்சு தெருமுனைக்குப் போய்விடுகிறது. எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும்.

உன்
சங்கரி


சென்னை
19.3.2005

என் சங்கரிக்கு,

வருகிறேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். ஆட்டு மந்தை வரியை வார்டு ஆயா அம்சாவுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தம்மா வந்தா எனக்குக் காட்டு மேரிம்மா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

முதலில் ஒரு விஷயம். உன் சொரியாசிஸ் ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. நீ தொட்ட பாவைத் தொட்டவருக்கும் வராது, நீ குடித்த தம்ளரில் குடித்தவருக்கும் வராது. இதைத் தெருமுனை வரை போகும்படி அந்த போனில் நானே ஒரு நாள் சத்தமாகச் சொல்லட்டுமா?

உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தோலோடு சண்டைக்கு நிற்பதுதான் இந்த வியாதி. அந்தச் சண்டையை மூட்டிவிடும் ஒரு பொருளை மட்டும் இந்தப் புது மருந்து பிடித்து நிறுத்துகிறது. இது மாத்திரை மாதிரி ரசாயனத்தில் செய்ததில்லை. உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். வாரம் ஓர் ஊசி, பன்னிரண்டு வாரம். கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் சில பேருக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஆனால் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதுகு முழுக்கச் செதிலாக வந்த ஒருவர் மூன்றாம் மாதம் பனியனோடு பஸ் ஏறிப் போனார்.

உள்ளே பழைய காசநோய் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். அதனால் முதலில் கையில் ஒரு பரிசோதனை ஊசியும் நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் உண்டு. காய்ச்சல், சளி, புண் எது வந்தாலும் உடனே எனக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, காதைக் கொடுத்துக் கேள். இந்த மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டைத் தாண்டக்கூடாது. பிரிட்ஜின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை நீ இங்கே வருவாய், மற்ற வாரத்து ஊசிகளை ஐஸ் பெட்டியில் கொடுத்து அனுப்புவோம். உன் வீட்டில் பிரிட்ஜ் இல்லை, கிருஷ்ணம்மாள் அக்கா வீட்டில் இருக்கிறதே. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று தருகிறேன், தினமும் பார்த்துச் சீட்டில் குறி. வைக்கும் இடத்தைப் பார்த்து உறுதி செய்தேன் என்று பாரத்தில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பிரிட்ஜை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. உன்னை நம்பித்தான் போட்டேன்.

உன் வீட்டுக்காரர் கந்தன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
மேரி


காஞ்சிபுரம்
16.4.2005

அன்பு மேரி,

பரிசோதனை ஊசி போட்ட இடத்தில் கொசு கடித்த அளவுகூடத் தடிக்கவில்லை என்று டாக்டர் அம்மா சொன்னதும் நீ சிரித்தாயே, எனக்கே பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

முதல் ஊசி உன் கையால், ஏழாம் தேதி. இரண்டாவது முந்தாநாள், தெருக்கோடியில் இருக்கும் கங்கையம்மாள் போட்டார்கள். முனிசிபாலிட்டியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள், கை பஞ்சு மாதிரி. மேரி, அரிப்பு குறைந்திருக்கிறது. செதில் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் நேற்று சொறிவதற்காக எழுந்திருக்காமல் விடிய விடியத் தூங்கினேன். எங்கள் வீட்டுக்காரர் காலையில் என்னைத் தட்டி எழுப்பி, "இன்னா சங்கரி, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். நான் ஆறு மணி வரை தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

கிருஷ்ணம்மாள் அக்காவின் பிரிட்ஜில் நடுத்தட்டில், பால் பாத்திரத்துக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் என் ஊசிப் பெட்டி குந்தியிருக்கிறது. தெர்மாமீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். ஐந்து டிகிரி, ஐந்து டிகிரி. ஒரு நாள் மட்டும் ஆறு.

உன்
சங்கரி


சென்னை
26.4.2005

அன்பு சங்கரி,

நீ தூங்கியதைப் படித்து எனக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு எப்படி இருக்கிறது? ஒரு வரிகூட இல்லையே. வெயில் ஏறுகிறது, பிரிட்ஜை அடிக்கடி திறந்து மூடினால் சூடு ஏறும் என்று அக்காவிடம் பக்குவமாகச் சொல். மே ஐந்தாம் தேதி நீ வரும்போது நான் வேலூரில் பயிற்சியில் இருப்பேன். இங்கே ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த மூன்றை வாங்கிப் போ. சீட்டை மாதக் கடைசியில் எனக்குத் தபாலில் அனுப்பு.

மேரி


காஞ்சிபுரம்
20.5.2005

அன்புள்ள மேரி,

நலம். வைகாசிப் பெருமாள் கருடன் மேல் வரும் நாள் நெருங்குகிறது. ஊரெல்லாம் வெளியூர் ஜனம், பஸ்ஸில் நிற்க இடமில்லை.

ஊசி முறையாகப் போட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் தேதி உங்கள் ஆஸ்பத்திரியில் போட்ட வாரம் அரிப்பு அடங்கியிருந்தது. பிறகு பழையபடிதான். உள்ளங்கையில் புதிதாக இரண்டு வெடிப்பு. சில பேருக்குக் கேட்காது என்று நீயே எழுதியிருந்தாய், நான் அந்தச் சில பேரில் ஒருத்தியாக இருப்பேன் போலிருக்கிறது. டாக்டர் அம்மாவும், ஜூன் இரண்டாம் தேதிக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம், காத்திருக்கும் வேறு ஒருவருக்காவது பயன்படும் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

மருந்தைக் குளுமையாகத்தான் வைத்திருக்கிறேன். சீட்டு இத்துடன் இருக்கிறது.

சங்கரி


சென்னை
24.5.2005

சங்கரி,

சீட்டு கிடைத்தது. ஏப்ரல் இருபதாம் தேதி வரை ஐந்து, ஐந்து, ஆறு, நாலு, ஐந்து. பேனா மாறியிருக்கிறது, ஒரு நாள் பென்சில். அதற்குப் பிறகு முப்பது நாளும் ஐந்து. முப்பதும் ஒரே பேனா.

மே பதிமூன்றாம் தேதி காஞ்சிபுரத்தில் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை மின்சாரம் இல்லை. எங்கள் வார்டில் இருக்கும், உங்கள் ஊருக்குப் பக்கத்து அய்யம்பேட்டைக்காரர் வீட்டில் மாவு புளித்துப்போன கதையைச் சொன்னார். அன்றைக்கும் உன் சீட்டில் ஐந்து. எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிட்ஜ்கூட அவ்வளவு ஒழுக்கமானதில்லை.

ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி மட்டும் கேட்கிறது, வீட்டில் போட்டது கேட்கவில்லை. மருந்து எங்கே இருக்கிறது சங்கரி? உண்மையைச் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மேரி


காஞ்சிபுரம்
27.5.2005

மேரி,

உன்னிடம் எனக்கென்ன மறைப்பு என்று எழுதியவள் நான்தான். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு.

ஏப்ரல் இருபதாம் தேதி கிருஷ்ணம்மாள் அக்கா வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். யாரோ மோர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்து, இது என்ன ஊசி என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு அக்கா பெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். கையில் என்று சொல்லக்கூடாது, படியில் வைத்தார். "தப்பா நெனச்சிக்காத சங்கரி. பால் வைக்கிற பொட்டி. வூட்ல கொழந்தைங்க இருக்குது, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீயே சொல்லுமா" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கு இன்னாக்கா, பரவால்ல" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் தெருவே வேடிக்கை பார்க்கும்படி சண்டைக்குப் போவார். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறு வருஷமாகப் பாவுக்குக் கூப்பிடாததை எழுதிவிட்டேன், வாசற்படியில் வைத்ததை எழுதக் கை வரவில்லை.

நெய்பவர் கால் தொங்கவிடும் எங்கள் தறிக்குழி எப்போதும் ஈரமாக இருக்கும். வெயிலில் பட்டு காய்ந்தால் பட்பட்டென்று அறுந்துவிடும், அதனால் குழியோரம் மண்சட்டியில் ஈர மணல் போட்டு, குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய தார்க் குச்சிகளை ஈரத்துணியில் பொதிந்து அதில் வைப்போம். இந்த வீட்டில் அதைவிடக் குளுமையான இடம் கிடையாது. பட்டுக்கு ஆகும் இடம் மருந்துக்கும் ஆகும் என்று அந்தச் சட்டியிலேயே ஊசியை வைத்தேன். தினமும் மணலுக்குத் தண்ணீர் தெளித்தேன். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தேன் மேரி. தெர்மாமீட்டர் அக்காவின் பிரிட்ஜிலேயே தங்கிவிட்டது, போய்க் கேட்க மனம் இல்லை. அது கடைசியாக ஐந்து காட்டியது, அதையே எழுதினேன்.

போன வாரம் கங்கையம்மாள் ஊசியை வெளிச்சத்தில் பார்த்து, "இன்னாமா, பால் கணக்கா கலங்கிக்கினு இருக்குது?" என்று கேட்டார்கள். இந்த மருந்தே அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். மீதி ஓர் ஊசி இருக்கிறது. நேற்றுப் போட வேண்டியது, போடவில்லை.

நேற்று அவரிடமும் சொல்லிவிட்டேன். தறியின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தார். "ஒரு மாசமா என் காலாண்டயா இருந்துது அது?" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்று கேட்டார். அது சண்டை போட்டதைவிட மோசமாக இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதத் தகுதி இல்லை. என்ன செய்ய வேண்டுமோ செய்.

சங்கரி


சென்னை
31.5.2005

சங்கரி,

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். முடியவில்லை.

மருந்து கேட்காமல் போயிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். கலங்கிய மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டாயே, உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? மானம் பெரிதா, நீ பெரிதா? எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன்.

டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டையும் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால், மருந்து கேட்காதவர்கள் கணக்கில் உன்னைச் சேர்த்திருப்பார்கள். அது பொய். அந்தப் பொய்யை நம்பி உன்னையும் நிறுத்தியிருப்பார்கள்.

டாக்டர் அம்மா கம்பெனிக்கு போன் போட்டு, உனக்கு முதலிலிருந்து பன்னிரண்டு ஊசி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒன்றுகூட வீட்டுக்குத் தர மாட்டார்கள். ஜூன் இரண்டிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் நேரில் வந்து போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் உண்டு. மீதி ஊசியைக் கொண்டுவந்து ஒப்படைக்கவும்.

மேரி
ஸ்டாஃப் நர்ஸ்


காஞ்சிபுரம்
10.6.2005

அன்புள்ள மேரி,

இரண்டு வியாழக்கிழமை வந்துவிட்டேன். இரண்டு தடவையும் ஊசி அறையில் வேறு நர்ஸ் இருந்தார்கள். உன்னைக் கேட்டேன். அம்சாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மேரிம்மா பாக்காத எடத்தப் பாத்தேன்னு கையெழுத்து போட்டுச்சாம். அதான் ஊசி ரூம் பொறுப்ப எடுத்துட்டாங்க. இப்போ மூணாவது மாடில கீது."

நீ அதை எழுதவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பொறுப்புக்குக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடிப் படியில் பாதி ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன்.

நான் உன்னிடம் மறைத்தேன், நீ என்னிடம் மறைக்கிறாய். ஒரு பெஞ்சுப் புத்தி இரண்டு பேருக்கும் போகவில்லை. திட்டியாவது ஒரு கடிதம் போடு.

சங்கரி


காஞ்சிபுரம்
15.7.2005

அன்புள்ள மேரி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறேன்.

ஏழு ஊசி ஆகிவிட்டது. முழங்கையில் செதில் உதிர்ந்து இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. நடுவில் சளி பிடித்து ஒரு வாரம் ஊசியைத் தள்ளிவைப்பதா என்று யோசித்தார்கள், காய்ச்சல் இல்லாததால் போட்டுவிட்டார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் கைரேகை பார்க்கிறேன் என்று நினைக்கிறார்களோ என்னவோ. ரேகை நிஜமாகவே தெரிகிறது மேரி. எனக்கு ஆயுள் ரேகை இவ்வளவு நீளம் என்று மறந்தே போயிருந்தேன்.

சங்கரி


காஞ்சிபுரம்
21.8.2005

அன்புள்ள மேரி,

வியாழக்கிழமையோடு பன்னிரண்டும் முடிந்தது. டாக்டர் அம்மா கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தினால் சில மாதத்தில் திரும்ப வரலாம், அடியோடு போகும் வியாதி இல்லை, வந்தால் அடுத்த சுற்றுக்கு எழுதிக் கேட்கலாம் என்றார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்ப வந்தாலும் ஒரு தடவை போனதே, அது போகக்கூடியது என்று இப்போது எனக்குத் தெரியும். கத்திரிக்காய் சாப்பிடலாமா என்று கேட்டேன். "யார் வேண்டாம் என்றது?" என்று கேட்டார்கள். பதினாலு வருஷம் போச்சு.

இப்போது எழுதப்போவதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் நீ பதில் போடாவிட்டாலும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணம்மாள் அக்கா வாசலில் வந்து நின்றார். ஆவணி முகூர்த்தத்துக்கு அவர்கள் வீட்டில் மூன்று புடவைக்குப் பாவு. "நாளைக்குக் காலைல பாவு விரிக்கிறோம். வந்து கை குடு சங்கரி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குள் ஒருத்தி, போடி உன் பாவும் நீயும் என்று சொல்லத் துடித்தாள். இன்னொருத்தி ஆறு வருஷமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவள். பின்னவள்தான் ஜெயித்தாள். வருகிறேன் என்றேன்.

காலை ஐந்தரைக்குத் தெரு முழுக்க அரக்கு நிறப் பாவு. எனக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். அறுந்த இழை ஒன்றை எடுத்து இரண்டு நுனியையும் விரலில் வைத்து முறுக்கினேன். மாட்டவில்லை மேரி. இழுக்கவில்லை. வழுவழுவென்று ஓடி முடிச்சு விழுந்தது. நான் அழுதேன். பாவுக்குப் போட்ட கஞ்சி கண்ணில் தெறித்துவிட்டது என்று சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "பழனிக்கு வேற தறி பாத்துட்டேன். நாளையிலேருந்து நீ கரைப் பக்கம் குந்து" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். பிரிட்ஜைத் திறந்து உன் தெர்மாமீட்டரை எடுத்தார். "இது உன்னுதுதான? அன்னிலேருந்து பொட்டிலயே கெடக்குது. தூக்கிப் போட மனசு வரல. கங்கையம்மா சொல்லிச்சு, ஒட்டாதாமே. எனக்கு அன்னிக்குத் தெரியலமா." பிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, "மறுபடி மருந்து தந்தாங்கன்னா இங்கயே எடுத்தாந்து வை" என்றார்.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகு நடுத்தட்டில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

இத்துடன் ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். 20.8.2005, காலை எட்டு மணி, ஐந்து டிகிரி. பார்த்து எழுதியது.

உன்
சங்கரி


சென்னை
25.8.2005

என் சங்கரி,

உன் மேல் கோபம் ஜூன் மாதமே தீர்ந்துவிட்டது. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் மேல்தான் தீரவில்லை. அதனால்தான் எழுதவில்லை. மற்றபடி ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ போன பிறகு அம்சா உன் ஃபைலை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவருவாள். டாக்டர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன். ஜூலை பதினாலாம் தேதிக் குறிப்பில் 'உள்ளங்கை தெளிகிறது' என்று இருந்தது. அன்றைக்கு அம்சாவுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

உன் சீட்டை டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். அடுத்த சுற்றுக்கு உன் பெயரை எழுதியிருக்கிறார்கள். "இந்த முறை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடு" என்று பாரத்தை என்னிடமே கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். முதலில் கிருஷ்ணம்மாள் அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பிரிட்ஜைப் பார்க்க வேண்டும். பிறகு உன் கையை. எண்ணெய்க் கத்திரிக்காய் வை.

மேரி